எல்லா வீட்டிலும் ஒரே வள்ளம்

1. மேசைமேல் அறுபது ஃபார்ம்

"ஏம்மா, உங்க மட்டாஞ்சேரியில மொத்தம் எத்தனை வள்ளம் ஓடுது?"

மெட்ராஸ் ஆபீஸிலிருந்து செக்கிங்குக்கு வந்திருந்த அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். எறணாகுளத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் எங்கள் கிளை ஆபீஸ். போர்க்கால இருட்டடிப்புக்காக ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் காலை பத்து மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். மேசைமேல் நான் நிரப்பிக் கொடுத்த அறுபது ஃபார்ம்கள் ஒரே அடுக்காக இருந்தன.

ஏரியாவைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிக்கிறார் என்றே நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் பாராட்டு கேட்டுப் பழகியிருந்தேன். நிமிர்ந்து நின்று, பஜார் கடவில், அந்தப் படகுத்துறையில் மட்டும் காலையில் முப்பது நாற்பது வள்ளம் நிற்கும், அரிசி வரும் நாளில் இன்னும் கூடும் என்று பதில் சொன்னேன்.

"நான் நேத்து ஏழு வீட்டுக்குப் போனேன்மா. ஆறு வீட்ல ஒரே வள்ளம்தான் நிக்குது" என்றார்.

என் சூப்பர்வைசர் பாஸ்கரன் சார் கறுப்புக் காகிதம் ஒட்டிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே ஏதோ தெரிவதுபோல. அவர் என் பக்கம் திரும்பாதபோதுதான் இது பாராட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

கருத்துக் கணிப்பு வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. இந்தக் கிளையில் ஃபீல்ட் சூப்பர்வைசராக இருக்கும் ஒரே பெண் நான்தான். அப்போது எனக்கு இருபது. எழுபத்தொன்றாம் வருடம், டிசம்பர் மாதம், போர் நடந்துகொண்டிருந்தது.

2. டீத்தூளுக்குப் பதிலாகப் போர்

கொச்சிக் கோட்டைப் பக்கம் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குக் கடற்படைக் கப்பல்களின் துணி. அதிகாரிகளின் வெள்ளைச் சட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து பிரீ டிகிரியும் முடித்தேன். மலையாளம் தமிழைவிட வேகமாகப் படிப்பேன், எழுதுவேன். இந்தக் கம்பெனியில் தினக்கூலி இன்டர்வியூவராகச் சேர்ந்தபோது, எங்கள் வரிசையில் ஃபார்ம் வைத்து எழுதும் அட்டையும் பேனாவும் பிடித்து வேலைக்குப் போன முதல் ஆளும் நானே. அந்த அட்டையைச் செருப்புப் படாத இடத்தில்தான் வைப்பேன்.

முதல் மூன்று மாதம் டீத்தூள் சர்வே. எந்த டீத்தூள் வாங்குகிறீர்கள், ஏன் வாங்குகிறீர்கள், விலை கூடினால் மாற்றுவீர்களா. வேலையின் விதிகள் அப்போதே மனப்பாடம். குறிப்பிட்ட முனையில் தொடங்கி வலது கைப்பக்கமாகவே போக வேண்டும். ஐந்தாவது வீடு, பிறகு அதற்கு ஐந்தாவது வீடு. வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்று ஃபார்மில் இருக்கும் கட்டம் சொல்லும், நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. சொந்தத் தெருவில் கேட்கக் கூடாது. கேள்வியை அச்சில் இருப்பதுபோலவே படிக்க வேண்டும். புரியவில்லை என்றால் ஒரு முறை திரும்பப் படிக்கலாம், விளக்கக் கூடாது. எல்லா விதியும் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியாது.

போர் தொடங்கிய நான்காம் நாள் மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் புது ஃபார்ம் வந்தது. டீத்தூளை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். எல்லாக் கேள்விக்கும் நடுவில் பெரிய கேள்வி ஒன்று இருந்தது: போர்க் காலத்தில் நாட்டின் கொள்கையை முடிவு செய்யும் பொறுப்பு யாரிடம் இருக்க வேண்டும்? கீழே பதில்கள். ஒன்று, பிரதமர் மட்டும். இரண்டு, அமைச்சரவை. மூன்று, பாராளுமன்றம். நான்கு, படைத் தளபதிகள். ஐந்து, மற்றவை, சொன்னபடியே எழுதவும். கடைசியில் ஒன்பது, தெரியாது அல்லது கருத்து இல்லை.

பாஸ்கரன் சார் எங்கள் மூன்று பெண்களையும் நிற்க வைத்தே சொல்லிக் கொடுத்தார். அவர் அப்போது உட்காரவே இல்லை. மெட்ராஸிலிருந்து இரண்டு தந்தி வந்துவிட்டதாகச் சொன்னார். போர் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது, முடிவதற்குள் ஃபார்ம் முடிய வேண்டும், முடிந்த பிறகு கேட்டால் அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். மாதக் கடைசியில் எங்கள் மூவரில் ஒருவரைப் பெர்மனென்ட் செய்யப் போகிறார்கள்.

எங்களுக்குள் பேச்சு மலையாளத்தில்தான். இங்கே நம் தமிழில் எழுதுகிறேன்.

"ஃபார்ம் நிறைஞ்சிருக்கணும். ஒன்பது ஒன்பதுன்னு போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா மெட்ராஸ்காரன் என்னைக் கேப்பான், கொச்சியில மனுஷங்க இல்லையான்னு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். மற்ற விதிகள் எல்லாம் காதோடு போயின.

3. ஒன்பது என்ற கட்டம்

ஒன்பதின் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு பாஸ்கரன் சார் மட்டும் காரணம் அல்ல. அதே வருடத் தொடக்கத்தில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார், எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு அதே கேள்வி வந்தபோது அவர் கேட்கவில்லை. ஈரத் துணியோடு நின்ற அம்மாவை ஒரு பார்வை பார்த்தார், தெரியாது என்று தானே எழுதிக்கொண்டார். அவர் எழுதியது சரிதான். ஆனாலும் அந்தப் பேனா நகர்ந்த விதம் எனக்கு மறக்கவில்லை. நான் பேனா பிடிக்கும்போது யாரையும் அப்படி எழுதக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் இருக்கும் சந்துகள் எனக்கு ஒதுக்கப்பட்டன. அந்த இரண்டு வாரம் ஊரில் யாரும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மண்ணெண்ணெய் வரிசை ஒரு பக்கம், அரிசி வரிசை ஒரு பக்கம். நினைத்த நேரத்தில் சைரன் ஊதிப் பார்த்தார்கள். இருட்டுவதற்குள் எல்லாரும் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்பதால் நாலு மணிக்கே கடைக்காரர்கள் பலகையை எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஃபார்ம் கொடுக்க எறணாகுளம் போய் கடைசி போட்டில் திரும்பவில்லை என்றால் நான் அக்கரையில் மாட்டிக்கொள்வேன். கப்பல்கள் கடலுக்குப் போய்விட்டதால் அப்பாவுக்குத் துணி வரவில்லை. கல்லின் பக்கத்தில் காலியாக உட்கார்ந்திருப்பார், எழுந்து நடப்பார், திரும்ப உட்காருவார். என் சர்வே பற்றித் தெரிந்தபோது, இந்தக் கேள்வியை எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று இரண்டு நாள் நச்சரித்தார். சொந்தத் தெருவில் கேட்கக் கூடாது என்ற விதியை அவரிடம் மட்டும் கறாராகச் சொன்னேன்.

முதல் வீட்டில் இஞ்சிக் கிடங்குக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண். கேள்வியைப் படித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பப் படித்தேன். "இதெல்லாம் எங்ககிட்டயா கேக்கறது? எனக்கொண்ணும் தெரியாது குட்டி" என்றார்.

ஒன்பதைச் சுழிக்கப் பேனாவை வைத்தேன். கை நகரவில்லை. சந்தின் முனையில் கடவு தெரிந்தது. ஒரு வள்ளத்திலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சேச்சி, அதோ பாருங்க, வள்ளம்" என்று ஆரம்பித்தேன். அதில் பத்துப் பேர் சரக்கு இருக்கிறது. காற்று மாறிவிட்டது. எந்தக் கரைக்குப் போவது என்று தண்டு வலிக்கிறவன் ஒருவன் மட்டும் முடிவு செய்தால் சரக்குப் போட்டவர்கள் கதி என்ன? அவர்கள் ஆளுக்கு ஒருவரை அனுப்பி, எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டாமா? அதுதான் பாராளுமன்றம். ஒருத்தரே முடிவு செய்வதுதான் பிரதமர் மட்டும் என்பது. இப்போது சொல்லுங்கள்.

அவர் முகம் தெளிந்தது. கூடிப் பேசுவதுதான் சரி என்றார். மூன்றைச் சுழித்தேன். அவர் கேட்டார், நான் சரியாகச் சொன்னேனா என்று. சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் வள்ளம் தானாக வந்தது. ஒரு நாளில் ஏழெட்டு ஃபார்ம் முடிப்பதே பெரிய காரியம், நான் பன்னிரண்டு முடித்தேன். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. மூன்றாம் நாள் அதில் மழை சேர்ந்தது, நாலாம் நாள் வள்ளத்தில் ஓட்டை விழுந்தது. ஐந்தே நாளில் அறுபது. ஒரு ஒன்பதுகூட இல்லை. பாஸ்கரன் சார் மற்ற இரண்டு பெண்களின் முன்னால் என் ஃபார்ம்களைத் தூக்கிக் காட்டினார். என் மட்டாஞ்சேரியில் கருத்து இல்லாத ஆளே இல்லை என்று எனக்கு அவ்வளவு பெருமை.

4. ஆயிஷும்மா

வள்ளம் எடுபடாத வீடு ஒன்றே ஒன்று. மிளகுக் கிடங்கின் பின்சுவரை ஒட்டி ஓர் அறை, ஒரு வராந்தா. ஆயிஷும்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கிடங்கிலிருந்து இஞ்சி வாங்கி வந்து வீட்டிலேயே தோல் சுரண்டிக் கொடுப்பார். ஒரே மகன், பம்பாய்ப் பக்கம் போன சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. போர் தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. இதெல்லாம் நான் கேட்காமலே சொன்னார். சாயா போட்டுக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேள்வியையே கேட்கவிட்டார்.

கேள்வியைப் படித்தேன். அவர் பதில் சொல்லவில்லை, சுரண்டிக்கொண்டிருந்தார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. எனக்கு அன்றைய கணக்கில் இன்னும் இரண்டு வீடு பாக்கி, அதன் பிறகு போட்டைப் பிடிக்க வேண்டும். அவர் யோசிக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. புரியவில்லை என்று நினைத்து வள்ளத்தை அவிழ்த்தேன். மழை, ஓட்டை, எல்லாம். அவர் கடைசிவரை கேட்டார்.

"நல்ல கதைதான் மோளே. ஆனா நீ கேட்டது அதில்ல அல்லே? சண்டையைத் தொடங்கறது யாரு வேணா தொடங்கட்டும். அதுக்கு விவரம் வேணும், விவரம் உள்ளவங்க பார்த்துக்கட்டும். எப்ப நிறுத்தணும்ங்கறதை மட்டும் பிள்ளைங்க போன வீட்டுல வந்து கேக்கணும். அதை எழுதிக்கோ."

நான் கட்டங்களைப் பார்த்தேன். தொடங்குவதற்கு ஓர் ஆள், நிறுத்துவதற்கு வேறு ஆள் என்று ஃபார்மில் இடம் இல்லை. ஐந்து இருந்தது, மற்றவை, சொன்னபடியே எழுதவும் என்று. அதற்கு மூன்று வரி எழுத வேண்டும். மெட்ராஸில் இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? பலரைக் கேட்க வேண்டும் என்கிறார், அப்படியென்றால் பாராளுமன்றம் மாதிரித்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்றைச் சுழித்தேன்.

"எழுதினியா?" என்று கேட்டார்.

எழுதினேன் உம்மா என்று சொல்லிவிட்டு ஓடினேன். போட் கிடைத்தது.

5. செக்கிங்

இப்போது முதலில் சொன்ன அந்த மேசைக்கு வருகிறேன். ஒரு ஏரியாவில் ஒரே பதில் இத்தனை வந்தால் மெட்ராஸில் சந்தேகப்படாமல் இருக்க மாட்டார்கள். பேக்-செக் செய்ய அதிகாரி நேரே வந்துவிட்டார். அவருக்கு மலையாளம் அரைகுறை. அதனால் பாஸ்கரன் சாரையும் கூட்டிக்கொண்டு என் வீடுகள் ஏழுக்குப் போயிருக்கிறார். முதல் வீட்டில் வள்ளக் கதையைக் கேட்டு ரசித்தாராம். இரண்டாவது வீட்டிலும் அதே வள்ளம். மூன்றாவது வீட்டில் மூட்டை தூக்கும் ஒரு சுமட்டுத் தொழிலாளி கதையைச் சொல்லி, ஓட்டை விழுந்த இடத்தை அவரே கையால் காட்டினாராம்.

"இந்தக் கருத்து தப்பா சரியான்னு நான் சொல்ல வரல. ஆனா இது மட்டாஞ்சேரியோட கருத்து இல்ல, உன்னோடது" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவங்களுக்குப் பாராளுமன்றம்னா என்னன்னு தெரியாது சார். விளக்கிச் சொன்னேன். படிச்சவ சொல்லிக் குடுக்கறது தப்பா?"

"தெரியலன்னா தெரியலன்னு எழுது. அதுக்குத்தானே கட்டம் போட்டிருக்கு."

"ஒன்பது போட்டா நீங்க அவங்களை ஆளாவே எண்ண மாட்டீங்க."

"எண்ணுவோம்மா. ஒன்பதுன்னு எண்ணுவோம்."

அவர் ஒரு ஃபார்மைத் தனியாக எடுத்தார். ஒரு வீட்டில் மட்டும் வள்ளம் இல்லை, இஞ்சி சுரண்டும் ஒரு முஸ்லிம் அம்மா, என்றார். என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்வது, அந்தக் குட்டி எழுதி வைத்திருக்கிறாள், அதில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "பார்த்தேன். மூணுன்னு இருக்கு. அவங்க சொன்னது மூணுதானா?"

ஐந்துக்கு எதிரே நான் எழுதாமல் விட்ட இடத்தைப் பார்த்தேன்.

அறுபதையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதே வீடு, அதே ஆள், கேள்வி மட்டும், வேறு ஒரு வார்த்தை கிடையாது. நான்கு நாள் கெடு. சரியாக வந்தால் பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் இருக்கும், இல்லையென்றால் தினக்கூலியும் இல்லை. அதுவரை பேசாமல் இருந்த பாஸ்கரன் சார் அப்போது வாய் திறந்தார். ஆரம்பத்திலிருந்தே என்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்ததாம்.

6. வாயை மூடிக்கொண்டு நிற்பது

இரண்டாவது சுற்றில் முதல் நாள் என் வாழ்க்கையிலேயே நீளமான நாள். கேள்வியைப் படிப்பேன். பிறகு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாய் தானாகத் திறக்கும், பல்லைக் கடித்து மூடுவேன். மனதுக்குள் ஒன்று முதல் இருபது வரை எண்ணுவேன். எதிரே இருப்பவர் என்னைப் பார்ப்பார், நான் ஃபார்மைப் பார்ப்பேன்.

அன்றைக்குச் சொன்னேனே, தொலைத்துவிட்டாயா என்று பலர் சலித்துக்கொண்டார்கள். வள்ளம் எங்கே என்று ஒரு வீட்டில் குழந்தைகள் கேட்டன. அந்தச் சுமட்டுத் தொழிலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ அவ்வளவு கஷ்டப்பட்டுக் கதை சொல்றே, இல்லைன்னு சொன்னா உனக்கு வருத்தமாகுமேன்னு சொன்னேன் குட்டி. எனக்குப் பட்டாளக்காரன் சொல்றதுதான் சரி. நாலு போட்டுக்கோ."

முதல் நாளில் ஐந்து ஒன்பது விழுந்தது. முதல் ஒன்பதைச் சுழித்ததும் அந்த ஃபார்மை அடுக்கின் அடியில் செருகினேன். ஆனால் இருபது எண்ணி முடிவதற்குள் சில வீடுகளில் வேறு ஒன்றும் நடந்தது. முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது என்று சொன்ன அதே முதல் வீட்டுப் பெண், நான் பதினைந்தை எண்ணிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார், ரேஷன் கடையில் அரிசி தீராமல் பார்த்துக்கொள்ளும் ஆள் யாரோ அவர் முடிவு செய்யட்டும், பசி தெரிந்தவனுக்குத்தான் மற்றதும் தெரியும் என்று. ஐந்து போட்டு, சொன்னபடியே எழுதினேன். எழுதும்போது அவர் என் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரியாகச் சொன்னேனா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

மூன்று நாளில் முப்பத்தெட்டு முடிந்தது. அந்த ஒரு கேள்விதான் என்றாலும் நினைத்த வேகம் வரவில்லை, நிற்பதில் நேரம் போனது. ஆயிஷும்மாவின் வீட்டை நான் தள்ளிக்கொண்டே போனேன். வலது கைப்பக்கமாகப் போனால் இரண்டாம் நாளே அந்த வீடு வந்திருக்க வேண்டும். சந்து முனைவரை போய்விட்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்து, நீங்கள் சொன்னதை நான் எழுதவில்லை என்று எப்படிச் சொல்வது? இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஜாரில் நின்றிருந்தேன். ஒரு சாயாக் கடையின் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். திடீரென்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள். எதிரிப் படை சரணடைந்துவிட்டது, போர் முடிந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கடைக்காரர் எல்லார் கையிலும் லட்டு வைத்தார், என் கையிலும். எனக்கும் சந்தோஷம்தான். அப்பாவுக்கு இனித் துணி வரும். ஆனால் லட்டை வாயில் போட்டுக்கொண்டே என் பையில் இருந்த இருபத்திரண்டு வெறும் ஃபார்ம்களைத்தான் தொட்டுப் பார்த்தேன்.

7. தேதி

மறுநாள் காலை போட் ஜெட்டியில் பாஸ்கரன் சார் எனக்காகக் காத்திருந்தார். மிச்சம் எத்தனை என்று கேட்டார். இருபத்திரண்டு என்றேன்.

"ஃபார்ம்ல தேதி எழுதறது உன் கைதானே கோமதி. நான் அதெல்லாம் பார்க்க மாட்டேன்."

அவர் என்மேல் இரக்கப்பட்டாரா, தன் வேலையை நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம்.

அன்று எந்த வீட்டிலும் நான் கேள்வியை முழுதாகப் படித்து முடிக்கவில்லை. பாதியிலேயே பதில் வந்தது. பிரதமர்தான், வேறு யார், அந்த அம்மா ஒருத்தி போதும். ஒன்று, ஒன்று, ஒன்று என்று சுழித்துக்கொண்டே போனேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அதுதான் அவர்கள் கருத்து. ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோது, கறுப்புக் காகிதம் ஒட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை இனி யாரும் எடுக்க முடியாது. அதை எடுக்க எனக்கு முழுதாக ஐந்து நாள் கிடைத்திருந்தது. அந்த ஐந்து நாளும் நானே பேசிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாவது வீடு ஆயிஷும்மா. வராந்தாவில் அதே இடத்தில் இஞ்சி சுரண்டிக்கொண்டிருந்தார். மகனிடமிருந்து இன்னும் தகவல் இல்லை என்றார். நான் நின்றுகொண்டே கேள்வியைப் படித்தேன். அவர் ஒருவர்தான் அன்று அதைக் கடைசிவரை கேட்டார்.

"அதான் நிறுத்தியாச்சு அல்லே மோளே. இனி எதுக்கு அது?"

விதிப்படி ஒரு முறை திரும்பப் படித்தேன். இருபது எண்ணினேன். அதற்குப் பிறகும் எண்ணினேன்.

"எனக்கு இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அன்னிக்குச் சொன்னதை எழுதினே அல்லே? அது போதும்" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருவருக்கும் நிம்மதி. "இல்ல உம்மா" என்றேன்.

அவர் கத்தி நின்றது. "பின்னே அன்னிக்கு என்ன எழுதினே?"

"நான் சொன்னதைத்தான் எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஓர் இஞ்சித் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். அன்று சாயா குடிக்கச் சொல்லவில்லை.

சந்து முனையில் நின்று ஃபார்மை எடுத்தேன். அவர் முதல் தடவை சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருந்தது. ஐந்து போட்டு அதை அப்படியே எழுதி, இரண்டு நாள் முந்திய தேதியைப் போட்டால் யாருக்கும் தெரியாது. அதில் பொய்யும் இல்லை, அவர் சொன்னதுதானே என்று மனம் வாதாடியது. ஆனால் அவர் இடத்தில் நின்று அவருக்காக எழுதும் வேலையை நான் ஏற்கனவே ஒரு முறை செய்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடக் கற்ற கை இது. அந்த ஃபார்மின் கீழேயும் அது கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்பதைச் சுழித்தேன். அன்றைய தேதியைப் போட்டேன். மற்ற இருபத்தொன்றிலும் அதே தேதி.

8. பிறகு

பாஸ்கரன் சார் ஃபார்ம்களை வாங்கி, தேதியைப் பார்த்துவிட்டு, கட்டாகக் கட்டினார். மெட்ராஸில் முப்பத்தெட்டை எடுத்துக்கொண்டார்கள், இருபத்திரண்டை ஒதுக்கிவிட்டார்கள். பெர்மனென்ட் வேலை என்னோடு இருந்த இன்னொரு பெண்ணுக்குப் போனது. அவள் நன்றாக வேலை செய்கிறவள்தான், எனக்கு அவள்மேல் குறை இல்லை. என்னை அடுத்த மாதம் குளிக்கும் சோப்பு சர்வேக்குக் கூப்பிட்டார்கள், தினக்கூலிக்குத்தான். கூப்பிட்டதே போதும் என்று போனேன். நிரந்தரமாக இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. ஆயிஷும்மாவின் மகன் அந்த மாதக் கடைசியில் நல்லபடியாக வந்து சேர்ந்தான் என்று பஜாரில் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் ஃபார்ம் கொடுப்பதில்லை. ஒரு கேள்வியை மட்டும் கொடுத்து, இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைப்பேன். கேட்டுவிட்டு இருபது எண்ணச் சொல்வேன். ஐந்துக்குள் வாயைத் திறக்கிறவர்கள்தான் அதிகம். நன்றாகப் படித்த பெண்கள்தான் முதலில் திறக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. அவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: உங்களுக்குத் தெரிந்தது எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்லிக் கொடுக்க வேறு வேலை இருக்கிறது, வேறு நேரம் இருக்கிறது. ஃபார்ம் கையில் இருக்கும்போது நீங்கள் ஆசிரியை இல்லை. ஒன்பது விழுந்தால் விழட்டும். ஆனால் அது அவர் வாயிலிருந்து விழ வேண்டும். ஐந்துக்கு எதிரே மூன்று வரி எழுத நேரமில்லை என்றால் அன்று போட்டைத் தவற விடுங்கள்.

என் முதல் சுற்று ஃபார்ம்களை அந்த வாரமே கிழித்துப் போட்டார்கள். இரண்டாவது சுற்றில் ஆயிஷும்மாவின் பெயருக்கு எதிரே கருத்து இல்லை என்று இருக்கிறது, என் கையெழுத்தில். தொடங்குவதை விவரம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், எப்போது நிறுத்துவது என்பதைப் பிள்ளைகள் போன வீட்டில் வந்து கேட்க வேண்டும் என்று அவர் சொன்னது எந்த ஆபீஸிலும், எந்தக் காகிதத்திலும் இல்லை. எழுதிக்கோ என்று என்னிடம் சொன்னார். எட்டு வருடம் தாமதமாக, இங்கே எழுதியிருக்கிறேன்.